அடிவட்டு எப்போது நகரும்?

1883ஆம் ஆண்டில் பிரான்சில் ஒரு புதிர் விற்பனைக்கு வந்தது. மூன்று தண்டுகள், அவற்றுள் ஒன்றில் பெரியது அடியிலும் சிறியது உச்சியிலுமாக அடுக்கிய எட்டு வட்டுகள்: இவ்வளவுதான் பொருள். உருவாக்கியவர் ‘சயாம் நாட்டு என். கிளவுஸ்’ என்று அதில் குறித்திருந்தது. அந்தப் பெயரின் பிரெஞ்சு எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘அமியான் ஊர் லூக்கா’ என்று வரும். அது கணிதவியலாளர் எதுவார் லூக்கா தமக்கு இட்டுக்கொண்ட புனைபெயர். புதிருக்கு அவர் வைத்த பெயர் ஹனோய் கோபுரம்.

வட்டுகள் அனைத்தையும் வேறொரு தண்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வட்டையே எடுக்கலாம். சிறிய வட்டின் மேல் பெரியதை வைக்கக் கூடாது. முதன்முறை முயல்பவரின் கண் இயல்பாகவே உச்சியிலுள்ள சிறிய வட்டின் மேல் படிகிறது. அதை எங்கே வைப்பது, அடுத்ததை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்து, பத்துப் பன்னிரண்டு நகர்வுகளுக்குள் அவர் வழி தவறிவிடுகிறார்.

கேள்வியை அடியிலிருந்து கேட்க வேண்டும். அ, ஆ, இ என்னும் தண்டுகளில், அ-வின் அடியிலிருக்கும் மிகப் பெரிய வட்டு எந்த நிலையில் இ-க்கு நகர முடியும்? அதன் மேல் எதுவும் இருக்கக் கூடாது. எதன் மேலும் அதை வைக்க முடியாது என்பதால் இ-யும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே, மற்ற எல்லா வட்டுகளும் அந்த நேரத்தில் ஆ-வில்தான், அதுவும் சரியான வரிசையில்தான், இருந்தாக வேண்டும். இது நம் விருப்பத் தேர்வு அன்று, விதிகளே கட்டாயப்படுத்தும் நிலை.

இதிலிருந்து தீர்வு தானாகவே பிறக்கிறது. அடிவட்டைத் தவிர மற்றவற்றை ஆ-வுக்கு மாற்று. அடிவட்டை இ-யில் வை. பிறகு மற்றவற்றை ஆ-விலிருந்து இ-க்கு மாற்று. ‘மற்றவற்றை மாற்று’ என்பது மூலப் புதிரேதான், ஒரு வட்டு மட்டும் குறைவு. பல விளக்கங்கள் விரைந்து கடந்துவிடும் ஒரு நுட்பம் இங்கே உண்டு: அடிவட்டு எல்லாவற்றிலும் பெரியது என்பதால், அதன் மேல் எந்த வட்டையும் தடையின்றி வைக்கலாம், மற்ற வட்டுகளுக்கு அது வெறும் தரையைப் போன்றது. சிறிய புதிர் பெரிய புதிரின் அச்சு அசலான நகலாக அமைவதற்கு இதுவே காரணம். இப்படி ஒரு செயல்முறை தன்னையே சிறிய அளவில் அழைப்பதைத்தான் கணினியியலில் ரிகர்ஷன், அதாவது தன்னழைப்பு, என்கிறோம். ஒரே வட்டு எஞ்சும்போது அதை நேரே நகர்த்திவிடலாம் என்பதால் அழைப்புகள் அங்கே முடிகின்றன.

மூன்று வட்டுகளுக்குச் செய்து பார்ப்போம். சிறியது இ-க்கு, நடுவட்டு ஆ-வுக்கு, சிறியது ஆ-வுக்கு. இப்போது பெரியது இ-க்கு. பின்னர் சிறியது அ-வுக்கு, நடுவட்டு இ-க்கு, சிறியது இ-க்கு. மொத்தம் 7 நகர்வுகள்.

ஒரு வட்டு கூடும்போது பழைய எண்ணிக்கை இரட்டித்து ஒன்று சேர்கிறது: 1, 3, 7, 15, 31 என்று வளர்ந்து எட்டு வட்டுகளுக்கு 255 ஆகிறது. இதைவிடக் குறைவாக முடிக்கவும் இயலாது. அடிவட்டு முதன்முறை நகரும் முன் மற்றவை ஒரே தண்டில் குவிந்தாக வேண்டும். அது கடைசியாக நகர்ந்த பின் அவை மீண்டும் ஒரு தண்டிலிருந்து இன்னொன்றுக்கு வந்தாக வேண்டும். புதிரோடு பரவிய கதையில் காசிக் கோயில் ஒன்றில் 64 பொன் வட்டுகள் உள்ளன. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் ஏறக்குறைய 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். அது பேரண்டத்தின் இன்றைய வயதைப் போல 40 மடங்குக்கும் மேல்.

இவ்வெண்கள் யாவும் இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்தவை. லூக்காவுக்கு இவை நெடுநாள் பழக்கம்: இரண்டின் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 39 இலக்க எண் பகா எண் என்று 1876இலேயே அவர் நிறுவியிருந்தார். 127 வட்டுகளுக்குத் தேவையான நகர்வுகளும் சரியாக அவ்வளவே.

முதல் வட்டை எங்கே வைப்பது என்ற குழப்பத்துக்கும் தன்னழைப்பிலேயே விடை இருக்கிறது. மேலிருக்கும் கட்டு போய்ச் சேர வேண்டிய தண்டு, ஒவ்வொரு நிலையாக உள்ளே இறங்கும்போதும் இ, ஆ, இ என மாறி மாறி வருகிறது. ஆகவே வட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் சிறிய வட்டு முதலில் இ-க்கும், இரட்டைப்படையானால் ஆ-வுக்கும் போக வேண்டும்.