நூமினஸ்: தமிழில் அணங்கு

ஆழ்மன உளவியலைத் தமிழில் எழுதுகிறவர்களின் கையைத் தயங்கவைக்கும் சொல் ஒன்று உண்டு: நூமினஸ். 'தெய்வீகம்' என்றோ 'புனிதம்' என்றோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊதுபத்தியின் மணமும் தெய்வீகம், பாடகியின் குரலும் தெய்வீகம் என்று ஆகிவிட்ட பிறகு அந்தச் சொல்லில் நடுக்கம் மிச்சமில்லை.

வேர் இலத்தீன். 'நூமென்' என்றால் தலையசைப்பு. தெய்வம் தலையசைத்தால் காரியம் நடந்துவிடும் என்பதால் தெய்வ சித்தம், தெய்வ ஆற்றல் என்று பொருள் விரிந்தது. (சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்குகிறவர்களுக்கு இது புதிதாக இராது.) ஜெர்மானிய இறையியலர் ருடால்ஃப் ஓட்டோ, 1917இல் வெளியான தம் நூலில் இதிலிருந்து 'நூமினஸ்' என்ற கலைச்சொல்லை ஆக்கினார். 'புனிதம்' என்றதும் நல்லொழுக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைக் கழித்துவிட்டால் எஞ்சுவது எது என்பது அவர் கேள்வி. மயிர்க்கூச்செறிய வைக்கும், ஆனால் விலகிப்போக விடாமல் இழுக்கும் ஒன்று என்பது அவர் கண்ட விடை.

சுவிட்சர்லாந்து உளவியலர் கார்ல் யுங் அதை மனத்துக்குள் கொண்டுவந்தார். 1937இல் யேல் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, மனிதன் இந்த அனுபவத்தை உண்டாக்குவதில்லை, இதற்கு இரையாகிறான் என்றார். கனவில் கண்ட உருவம் ஒன்று விழித்த பிறகும் நாள்கணக்கில் ஆட்டிப்படைப்பது அவ்வகை. அதன் பின்னால் கடவுள் உண்டா என்பதற்கு உளவியல் விடை சொல்லாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஆனால், 'அழைத்தாலும் அழையாவிட்டாலும் கடவுள் வந்திருப்பார்' என்ற இலத்தீன் வாசகத்தைத் தம் வீட்டு வாசலுக்கு மேல் பொறித்து வைத்தவரும் அவர்தான்.

நம்மிடம் 'அணங்கு' இருக்கிறது. பெயராக வருத்தும் தெய்வம், அச்சம், பேரழகி. வினையாக வருந்துதல், வருத்துதல். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்னும் தொல்காப்பியம், விலங்குக்கும் கள்வருக்கும் இறைக்கும் (அரசனுக்கும்) முன்னால் அணங்கை வைக்கிறது. வள்ளுவரோ காமத்துப்பாலையே 'அணங்குகொல்' என்று மயங்கித்தான் தொடங்குகிறார். இரண்டு முகமும் சேர்ந்து தெரிவது திருமுருகாற்றுப்படையில். வானளாவ வந்து நிற்கும் முருகன், அந்த 'அணங்குசால் உயர்நிலை'யை உள்ளடக்கிக்கொண்டு, மணம் கமழும் இளமை அழகைக் காட்டி, அஞ்சாதே, நீ வருவாய் என்று அறிவேன் என்கிறான். ஓட்டோவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்காது.

ஒரு சங்கடம்: 'தமிழணங்கே' என்று பாடிப் பழகிய காதுக்கு அணங்கு என்றால் அழகிய பெண் மட்டுமே. அதனால் பெயர்ச்சொல்லைத் தனியே நிறுத்தாமல், நூமினஸ் என்பதற்குச் சங்கப் பாடல்களில் உள்ள 'அணங்குடை' என்பதையும், அந்த அனுபவத்துக்கு 'அணங்குறுதல்' என்பதையும் ஆளலாம் என்பது என் கருத்து.

யுங் ஒதுக்கிவைத்த கேள்வி அகப்பாடல்களில் வேடிக்கையாகவே வருகிறது. மகள் மெலிகிறாள், தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள், அவன் வெறியாடி (சாமியாடி), முருகு அணங்கியது என்கிறான். தோழி உள்ளுக்குள் சிரிக்கிறாள், அணங்கியவன் காதலனான மலைநாடன் என்று அவளுக்குத் தெரியும். அணங்கியது யார் என்பதில்தான் வழக்கு. அவள் அணங்குற்றாள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.