நாளைக்கு நீங்கள் கன்வீனியன்ட்டா?

"ஆர் யூ கன்வீனியன்ட் டுமாரோ?" சீனமொழி பேசுபவர்கள் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களில் அடிக்கடி தலைகாட்டும் வாக்கியம் இது. நாளைக்கு உங்களுக்கு வசதிப்படுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆங்கிலக்காரர் காதிலோ, உங்களை வைத்து எளிதாகக் காரியம் சாதித்துக்கொள்ளலாமா என்பதுபோல விழும். பிழை ஒன்றே ஒன்றுதான்: எழுவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஆள் உட்கார்ந்துவிட்டார்.

கன்வீனியன்ட் என்ற பெயரடை நேரத்துக்கு வரும், இடத்துக்கு வரும், பொருளுக்கும் ஏற்பாட்டுக்கும் வரும். அந்த வசதியை அனுபவிக்கும் ஆளுக்கு வராது. அவர் 'ஃபார்' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்: "இஸ் டுமாரோ கன்வீனியன்ட் ஃபார் யூ?" தமிழருக்கு இது பழகிய வழி. "உங்களுக்கு வசதியா?" என்று நாமும் 'கு' உருபு போட்டுத்தான் கேட்கிறோம். உருபை விட்டு "நீங்கள் வசதியா?" என்றால், ஆள் பணக்காரரா என்று விசாரித்ததாகிவிடும்.

சீனத்தில் இந்த உருபு தேவைப்படுவதில்லை. "நீ மிங்தியென் ஃபாங்பியென் மா?" என்பது அவர்கள் கேள்வி. நீ, நாளை, வசதி, கடைசியில் கேள்விக்கான 'மா'. அவ்வளவுதான். முதலில் நிற்கும் 'நீ' ஆங்கில இலக்கணம் சொல்லும் எழுவாய் அல்ல. பேச்சு யாரைப் பற்றியது என்று காட்டும் தலைப்பு. சீனம் இப்படித் தலைப்பை முன்வைத்து வாக்கியம் கட்டும் மொழி என்று சார்ல்ஸ் லீ, சாண்ட்ரா தாம்சன் என்ற மொழியியலாளர்கள் 1976இல் விளக்கினார்கள். தலைப்பை எழுவாயாக எண்ணி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். இதே வழியில் பிறந்ததுதான் "ஐ ஆம் டிஃபிகல்ட் டு லேர்ன் இங்கிலீஷ்" என்ற வாக்கியமும். ஆங்கிலம் படிப்பது எனக்குக் கடினம் என்று சொல்ல வந்தவர், நானே கடினமான ஆள் என்று சொல்லி முடிக்கிறார்.

திருத்த ஒரு சோதனை போதும். எழுதிய வாக்கியத்தில் கன்வீனியன்ட்டுக்கு முன்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவரை எடுத்து 'ஃபார்' பக்கம் தள்ளிவிட்டு, காலியான இடத்தில் நாளையோ நேரத்தையோ வைக்க வேண்டும். வைக்க எதுவும் இல்லையென்றால் 'இட்' வரும்: "இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் மீ டு கம் அட் த்ரீ." சும்மா நேரம் இருக்கிறதா என்று கேட்பதானால் "ஆர் யூ ஃப்ரீ?" போதுமே, அதில் ஆள் தாராளமாக எழுவாயாக வரலாம்.

இலக்கணம் சரியானாலும் பொருள் காலை வாரும். ஃபாங்பியென் என்ற சொல்லின் வீச்சு அப்படி. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் 'உபாயம்' என்பதற்கு இதைத்தான் வைத்தார்கள். குமாரஜீவர் 406இல் பெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்குப் பெயரே இதுதான். இன்றைக்கு இதே சொல் கழிப்பறைக்குப் போய்வருவதை நாசூக்காகச் சொல்லவும் பயன்படுகிறது. கை ஃபாங்பியென் இல்லை என்றால் பணமுடை. கால் ஃபாங்பியென் இல்லை என்றால் நடக்கச் சிரமம். பேச ஃபாங்பியென் இல்லை என்றால் பக்கத்தில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசலாம். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட ஆங்கிலத்தில் கன்வீனியன்ட் இயல்பாகப் பொருந்தாது. கடைசிச் சூழலில் ஆங்கிலக்காரர் "ஐ காண்ட் டாக் ரைட் நௌ" என்று முடித்துவிடுவார்.

இன்னொரு பேர்போன வாக்கியம், "த டிராஃபிக் ஹியர் இஸ் வெரி கன்வீனியன்ட்." சீனத்தில் ஜியாவ்துங் என்ற ஒரே சொல் சாலையில் ஓடும் வண்டிகளுக்கும் வரும், போக்குவரத்து வசதிக்கும் வரும். பஸ்ஸும் மெட்ரோவும் நன்றாக ஓடுகின்றன என்று சொல்ல வந்தவர் வண்டி நெரிசலைப் புகழ்ந்துவிடுகிறார். இங்கே மாற்ற வேண்டியது பெயரடையை அல்ல, பெயரை: பப்ளிக் டிரான்ஸ்போர்ட். அதோடு அந்த 'வெரி'யையும் கவனிக்க வேண்டும். சீனத்தில் பெயரடைக்கு முன் வழக்கமாக 'ஹென்' என்று ஒரு சொல் வரும். அகராதி அதற்கு 'மிக' என்று பொருள் தந்தாலும், அழுத்தாமல் சொன்னால் அது வெறும் இட நிரப்பி. அதை ஒவ்வொரு முறையும் 'வெரி' ஆக்கினால் எல்லாமே மிகமிக வசதியாகிவிடும்.

சொல்லின் வால் தனித் தொல்லை. ஃபாங்பியென் உருமாறாமலே பெயராகவும் பெயரடையாகவும் வினையாகவும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் கடை என்றால் கன்வீனியன்ஸ் ஸ்டோர்; கன்வீனியன்ட் ஸ்டோர் என்றால் போய்வரத் தோதான ஏதோ ஒரு கடை. சீனத்தின் பொதுமொழியான மாண்டரினில் அசைகள் உயிரிலோ ன், ங், ர் போன்ற ஒலியிலோ முடியும். 'ன்ட்' என்ற முடிவு கிடையாது. அதனால் பேச்சில் அந்த 'ட்' விழுந்துவிடுகிறது. வாயில் வராத ஒலி, எழுதும்போதும் கைக்கு வருவதில்லை. வினையாக்கினாலும் வம்புதான். "திஸ் ஆப் கன்வீனியன்சஸ் அஸ்" என்று இன்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் தொந்தரவு கொடுப்பதைச் சொல்லும் இன்கன்வீனியன்ஸ் மட்டும் வினையாக நன்றாகவே புழங்குகிறது. இதற்கு விதி தேடிப் பயனில்லை, மனப்பாடம்தான்.

நமக்கு இடறுவது வேறு இடம். நாற்காலியும் வசதி, மாலை ஐந்து மணியும் வசதி என்கிறோம். ஆங்கிலத்தில் முன்னது கம்ஃபர்டபிள், பின்னது கன்வீனியன்ட். சீனர்களுக்கு முன்னதற்கு 'ஷூஃபு' என்று தனிச் சொல் இருப்பதால் அந்தக் குழப்பமே வராது.

நமக்கு லாபமான இடமும் ஒன்று உண்டு. "அ கன்வீனியன்ட் எக்ஸ்கியூஸ்" என்றால் அது பாராட்டு இல்லை, குத்தல். ஃபாங்பியெனில் இந்தக் குத்தல் இல்லாததால், சீன மாணவர் அதை நல்ல, தோதான காரணம் என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். கொடுத்த கடனை அவர் வசதியாக மறந்துவிட்டார் என்று பேசும் தமிழருக்கோ அந்தத் தொனி உடனே பிடிபடும்.