எல்லாக் கோப்பிலும் ஒரே தேதி: கிளவுடுக்கு மாறும்போது காணாமல் போவது எது?

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பழைய சர்வரை ஓரங்கட்டிவிட்டு, இருந்த கோப்புகளை எல்லாம் கிளவுடில் ஏற்றினார்கள். பிரவுசரைத் திறந்து கோப்புறைகளை இழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது. மறுநாள் பார்த்தால், பல ஆண்டுக் கணக்குகளுக்கும் ஒரே 'மாற்றிய தேதி': ஏற்றிய நாள். கையெழுத்தான ஐந்தொகை எது, அதற்கு முந்தைய வரைவு எது என்று பிரித்தறிய வழியில்லை. பெயர்களோ 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் 2'. சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் எனக்கு இது பழகிப்போன புகார்.

'மாற்றிய தேதி' பொதுவாகக் கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை. வட்டின் கோப்பு முறைமை அதைத் தன் பதிவேட்டில் தனியே எழுதி வைத்திருக்கிறது. பிரவுசர் வழியாக ஏற்றும்போது உள்ளடக்கம் நிச்சயம் போய்ச் சேரும். தேதி போகுமா என்பது அந்தச் சேவையைப் பொறுத்தது. பதிவிறக்கும்போதும் இதே கதைதான்: பெரும்பாலும் இறக்கிய நேரமே தேதியாக விழுகிறது. அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 காட்டும் கடைசி மாற்றத் தேதி ஏற்றிய நேரம் மட்டுமே. ஆர்க்ளோன் போன்ற, கிளவுடுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் கருவிகள் அசல் தேதியைக் கூடுதல் குறிப்பாக உடன் சேமிக்கின்றன. இன்னொரு கிளவுட் சேவையான டிராப்பாக்ஸ் இரண்டு தேதிகளை வைத்துக்கொள்கிறது. ஒன்று நம் கணினி சொன்னது, மற்றொன்று அதன் சர்வர் பெற்றுக்கொண்ட நேரம். முன்னதை அது சரிபார்ப்பதில்லை.

அதனால் பிரவுசரை விட்டுவிட்டு, கணினியில் நிறுவக்கூடிய, அந்தச் சேவையின் ஒத்திசைவு (சிங்க்) மென்பொருளையே பயன்படுத்துங்கள். முதலில் பழைய கோப்புகள் கொண்ட ஒரே ஒரு கோப்புறையை ஏற்றி, வேறொரு கணினியில் இறக்கித் தேதிகளை ஒப்பிட வேண்டும். பிரவுசரைத் தவிர வழியே இல்லையென்றால் ஜிப் ஆக்கி ஏற்றலாம். தேதிகள் ஜிப்புக்குள் பத்திரமாக இருக்கும். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை கோப்பின் தேதியைத் தானே கொண்டுபோகும். கோப்புறையின் தேதியை 'டிகாப்பி' விருப்பத்தில் தனியாகக் கேட்டால்தான் தரும். எந்த வழியில் போனாலும், கிளம்பும் முன் பெயர், அளவு, தேதி அடங்கிய முழுப் பட்டியலை ஓர் உரைக் கோப்பாக எடுத்துவிடுங்கள். செலவில்லாத காப்பீடு இது. இதைச் செய்யும் அலுவலகங்கள் மிகக் குறைவு.

கோப்புறையின் தேதியைப் பார்த்து எவர்மீதும் சந்தேகப்படாதீர்கள். ஒரு வேர்டு ஆவணத்தைத் திறந்தாலே, '~$' என்று தொடங்கும் மறைவான தற்காலிகக் கோப்பு அதே கோப்புறையில் உருவாகி, மூடியதும் அழிகிறது. ஆவணத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. கோப்புறையின் தேதி மாறிவிடும்.

நேர மண்டலம் தணிக்கைக்காரர்களைக் குழப்பும் இன்னொரு இடம். இந்திய நேரப்படி ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குச் சேமித்த கோப்பு, உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 இரவு 8.30. சர்வர் அறிக்கையை அப்படியே எடுத்து ஒட்டினால் கோப்பு முந்தைய நிதியாண்டுக்குப் போய்விடும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டு பின்னால் போன கணினியும் அப்படியே. அதில் இன்று திருத்திய கோப்பு பழையதாகத் தெரியும். புதியதே வெல்லும் என்ற விதியில் ஓடும் கருவியாக இருந்தால் இன்றைய திருத்தத்தை ஒதுக்கிவிடும். 'நேரத்தைத் தானாக அமை' என்ற விண்டோஸ் அமைப்பு எல்லாக் கணினிகளிலும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

வழக்கு வரக்கூடிய ஆவணமென்றால் தேதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஹேஷ் மதிப்புக்கும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டுக்கும், இடம் உண்டு. இறுதி செய்த அன்றே ஹேஷ் எடுத்து, மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். பெயரின் தொடக்கத்திலேயே '2025-03-31' என ஆண்டை முன்வைத்து எழுதினால், எந்தச் சேவைக்கு மாறினாலும் வரிசை குலையாது.

ஏற்கெனவே தேதிகள் போய்விட்டனவா? பழைய சர்வரின் வட்டை அழிக்காதீர்கள். அசல் தேதிகள் அதில்தான் இருக்கின்றன. வட்டும் இல்லையென்றால் வேர்டு, எக்செல் கோப்புகளின் 'பண்புகள்' பகுதியில் கடைசியாகச் சேமித்த நேரம் தனியே கிடைக்கும். கேமரா படங்களில், எடுத்த நேரம் போன்றவை அடங்கிய எக்ஸிஃப் தகவல் இருக்கும். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக வந்தவற்றில் அது இருக்காது. வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களில் இணைப்பாகப் போன பிரதிகளையும் தேடுங்கள். அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் இறுதி ஐந்தொகைகள் பெரும்பாலும் 'அனுப்பியவை' பெட்டியிலிருந்துதான் அடையாளம் காணப்பட்டன.