வெளியிடும் பொத்தான் யார் கையில்?

வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பிளாகரா வேர்ட்பிரஸ்ஸா என்றுதான். இரண்டும் வலைப்பதிவு நடத்த உதவும் கருவிகள்: பிளாகர் 1999இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல். பள்ளிகளுக்காகவே வேர்ட்பிரஸ்ஸின் மேல் கட்டிய எஜுபிளாக்ஸ் 2005 முதல் இருக்கிறது. எதை எடுத்தாலும் அரை மணி நேரத்தில் பக்கம் தயார். நான் திருப்பிக் கேட்பது வேறு: வெளியிடும் பொத்தான் யார் கையில் இருக்கப்போகிறது?

ஒரே கடவுச்சொல்லை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒரு நாள் யாரோ ஒருவரின் இடுகை காணாமல் போகும். யார் அழித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வகுப்பே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேர்ட்பிரஸ்ஸில் மாணவரைப் பங்களிப்பாளராகச் சேர்க்கலாம். அவர் எழுதலாம், திருத்தலாம், வெளியிட மட்டும் முடியாது. எழுதியது ஆசிரியரின் ஒப்புதலுக்கு வந்து நிற்கும். வழக்கமான அமைப்பில் அவரால் படமும் ஏற்ற முடியாது. இது என்ன தொல்லை என்று ஆரம்பத்தில் எரிச்சல்பட்டேன். பிளாகரில் இப்படியொரு இடைப்படி கிடையாது. எழுதுபவராகச் சேர்த்துவிட்டால் அவரே நேராக வெளியிடலாம். அதனால் சின்ன வகுப்புகளுக்கு, பிள்ளைகள் எழுதித் தருவதை ஆசிரியரே ஏற்றுவதுதான் சரி.

அந்த எரிச்சல் ஒரு படத்தோடு போயிற்று. அறிவியல் கண்காட்சிப் படங்களை நானே ஏற்றினேன். படக்குறிப்பில் யார் பெயரும் இல்லை, அதில் கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் கோப்பின் பெயரிலேயே மாணவியின் முழுப்பெயரும் வகுப்பும் இருந்தன. சில வாரம் கழித்து அவளுடைய அம்மா ஏதோ தேடும்போது, தேடுபொறி மகளின் படத்தை எடுத்து நீட்டியிருக்கிறது. உடனே நீக்கினேன். தேடல் முடிவிலிருந்து அது மறைய இன்னும் சில நாள் ஆனது. இணைய ஆவணக் காப்பகம் போன்றவை பிரதி எடுத்திருந்தால், நம் பக்கத்தில் நீக்குவதால் மட்டும் அது போய்விடாது. இப்போது ஏற்றுமுன் கோப்பின் பெயரை மாற்றுகிறேன். கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கலாம், அதையும் நீக்குகிறேன். பெரும்பாலும் முகமே வேண்டியதில்லை: செய்யும் கைகள் தெரிந்தால் போதும், செய்த பொருள் தெரிந்தால் போதும். மாணவர் பெயருக்கு முதல் எழுத்தோ புனைபெயரோ வைக்கலாம். பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களை இணையத்தில் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்கா 1998லேயே சட்டம் போட்டுவிட்டது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று தோன்றலாம். கட்டுரை நோட்டை வாசிப்பவர் ஆசிரியர் ஒருவர்தான், அவரும் மதிப்பெண் போடத்தான் வாசிக்கிறார். வாசகர் இருக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே இரண்டாம் முறை திருத்துகிறார்கள். 2012இல் ஸ்காட்லாந்தில் 9 வயது மாணவி ஒருத்தி, தன் பள்ளியின் மதிய உணவைப் படமெடுத்து மதிப்பெண் போட்டு வலைப்பதிவில் எழுதிவந்தாள். உள்ளாட்சி மன்றம் படமெடுக்கத் தடை போட்டது. உலகெங்குமிருந்து எதிர்ப்பு வரவே மறுநாளே விலக்கிக்கொண்டது. வாசகர் கிடைத்த பிள்ளையின் எழுத்துக்கு அவ்வளவு வலு.

வாசகர் எழுதும் பின்னூட்டங்களுக்கு மட்டுறுத்தல், அதாவது ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும் ஏற்பாடு, கட்டாயம் வேண்டும். ஆனால் அதிகம் காயப்படுத்தியதாக நான் பார்த்தது வெளியாள் எழுதியதை அல்ல. எழுத்துப்பிழைகளைப் பட்டியல் போட்டு ஆசிரியரே எழுதிய பின்னூட்டத்தை. பிழையை வரைவிலேயே பேசி முடித்துவிடுங்கள். வெளியே எழுதும்போது விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், பிள்ளை பதில் எழுத வருவாள். வாசகர் கிடைக்காவிட்டால் நான்கு வகுப்புகள் சேர்ந்துகொண்டு, வாரம் ஒரு வகுப்பின் பதிவை மற்ற மூன்றும் வாசித்துப் பின்னூட்டம் போடலாம். பல நாடுகளில் வகுப்புகள் இப்படிச் செய்து பார்த்திருக்கின்றன.

அப்புறம், கணக்கைச் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். ஆசிரியர் மாறிப் போனதும் பூட்டிக்கிடக்கும் வகுப்புப் பதிவுகள் ஏராளம். பள்ளியின் முகவரியில் தொடங்கி, இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள். ஆண்டு முடிவில் மொத்தப் பதிவையும் ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொண்டு, அவரவர் எழுதியதை அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். தன் இடுகையை எடுத்துவிடச் சொல்லும் மாணவரிடம் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.