கணினி மாற்றும்போது காணாமல் போகிறவை

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் அதன் பிறகு எனக்கு வரும் வேலையில் பெரும்பங்கு பழைய கணினியைப் புதிதுக்கு மாற்றுவதுதான். "இதில் இருப்பதையெல்லாம் அதில் போட்டுக் கொடுங்கள் தம்பி" என்பார் கணக்கர். பயனரின் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஃபார்மட் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

பச்சைத் தேயிலைக் கணக்கு ஏறியிருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்கு வெளியேதான் இருக்கும். அவுட்லுக்கின் பழைய அஞ்சல் கோப்பு மறைந்த ஃபோல்டர் ஒன்றுக்குள் கிடக்கலாம். வானவில், பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கடிதங்கள் புதுக் கணினிக்கு வந்து சேரும். எழுத்துருவைக் கொண்டுவராவிட்டால் திறந்ததும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். ஆகவே கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரையைத் திறக்கும் முன் கணக்கர் பக்கத்தில் அமர்ந்து, அவர் அன்றாடம் எதையெல்லாம் திறக்கிறார் என்று பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

நகலெடுக்க நான் நம்புவது ரோபோகாப்பி என்ற கட்டளையை. விண்டோஸ் விஸ்டா முதல் கூடவே வருகிறது; காசு கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் மின்கம்பி மேல் மரம் விழுந்து மின்சாரம் போனாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றை விட்டுவிட்டு மீதியை எடுக்கும். ஆனால் திறக்க முடியாத கோப்பு ஒன்று குறுக்கிட்டால், நாம் எதுவும் சொல்லாதவரை 30 விநாடிக்கு ஒரு முறை வீதம் 10 லட்சம் முறை முயலும்! கட்டளையோடு சேர்க்கும் குறிகளான சுவிட்சுகளில், எத்தனை முறை முயல்வது என்பதைச் சொல்லும் ஆர் சுவிட்சை 2 ஆகவும், இடையில் எத்தனை விநாடி காத்திருப்பது என்பதைச் சொல்லும் டபிள்யூவை 5 ஆகவும் வையுங்கள். பயனர் ஃபோல்டரை முழுதாக எடுப்பதானால் எக்ஸ்ஜே சுவிட்சும் வேண்டும். இல்லையேல் தன்னையே சுட்டும் ஃபோல்டர்களுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

இணையத்தில் பலரும் சொல்லித்தரும் எம்ஐஆர் சுவிட்சை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். மூலத்தில் இல்லாத எதையும் அது சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். பாதைகளை இடம் மாற்றித் தட்டச்சிட்டால், காலியான புதுக் கணினியைப் பார்த்துப் பழையதையும் காலியாக்கிவிடும். உள்ஃபோல்டர்களையும் சேர்த்து நகலெடுக்கும் இ சுவிட்ச் போதும். முதல் ஓட்டத்தில் எல் சேர்த்தால் ஒரு கோப்பையும் நகர்த்தாமல் பட்டியல் மட்டும் காட்டும். வேலை முடிந்ததும் ரோபோகாப்பி திருப்பித் தரும் எண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, நடந்ததைக் குறித்துவைக்கும் லாகைப் படியுங்கள்.

விண்டோஸ், மென்பொருள் அமைப்புகளையும் (செட்டிங்ஸ்) சேர்த்துக் கொண்டுபோக மைக்ரோசாஃப்டின் ஸ்கேன்ஸ்டேட், லோடுஸ்டேட் கருவிகள் உண்டு. முன்னது பழைய கணினியில் திரட்டும், பின்னது புதியதில் இறக்கும். மென்பொருள்களைப் புதியதில் முதலில் நிறுவிவிட்டுத்தான் லோடுஸ்டேட்டை ஓட்ட வேண்டும். அப்போதும் நேரடியாக இணைத்த பிரிண்டர் வராது. பத்துக் கணினி உள்ள அலுவலகத்துக்குச் சரி. ஒன்றிரண்டுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பேன். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பூட்டப்பட்டவை. ஃபோல்டரை நகலெடுத்தால் வராது. குரோமின் சிங்க் (ஒத்திசைவு) வசதி மூலம் கொண்டுவாருங்கள்.

ஆடிட்டர் அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்வரை பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, சிலிக்கா ஜெல் பையோடு பீரோவில் வையுங்கள். அதுவரை ஃபார்மட் வேண்டாம்.