மழைக்காட்டுப் பயணமும் அதன் பிறகு வரும் காய்ச்சலும்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் விடுமுறைக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போவது சில ஆண்டுகளாகவே அதிகரித்திருக்கிறது. இரவு சென்ட்ரலில் ரயிலேறிக் காலையில் கோவையில் இறங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை வந்துவிடுகிறது. கடற்கரை வெக்கையிலும் லாரிப் புகையிலும் வளரும் நம் பிள்ளைகள், வெடிப்பலா மரத்தின் உச்சியில் அமர்ந்து முள் நிறைந்த காயைப் பிளந்து விதையைத் தின்னும் சிங்கவால் குரங்கையும், தலைக்கு மேலே இறக்கை இரையப் பறந்து செல்லும் பெரிய இருவாச்சியையும் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்றே இப்பகுதியில் பொதுநல மருத்துவம் பார்க்கும் நான் விரும்புகிறேன். போய்வருபவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன் ஆலோசனை கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றியே கேட்கிறார்கள். அட்டையின் உமிழ்நீரில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாயில் சில மணி நேரம் ரத்தம் கசியலாம். பார்க்க அச்சமாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு அதனால் ஆபத்தில்லை. உப்பைக் கொட்டுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம், ஏனெனில் அப்போது அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிட வாய்ப்புண்டு. விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கமாக வைத்து மெல்லத் தள்ளினாலே பிடியை விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள் மட்டும் முன்கூட்டியே தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

பாம்பு விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. மழைக்காட்டில் வாழும் குழிவிரியன் என்ற விஷப் பாம்புகளுக்கு அது பொருந்துவதில்லை. அவை இலைச் சருகிலும் தாழ்ந்த கிளைகளிலும் அசையாமல் கிடக்கும் என்பதால், பார்க்காமல் கிளையைப் பிடிப்பதையும் இருட்டில் டார்ச் இல்லாமல் நடப்பதையும் தவிர்க்க வேண்டும்.

ஆனால் என் அனுபவத்தில், பயணம் முடிந்து வீடு திரும்பியவர்களைப் படுக்கையில் தள்ளுவது யாரும் கேட்காத ஒரு நுண்ணிய பூச்சிதான். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் நோய், ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவும் பாக்டீரியா தொற்று. அந்தப் புழு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கடிப்பதும் வலிப்பதில்லை. இவை அடர்ந்த காட்டின் உள்ளே இருப்பதைவிட, காட்டோரப் புதர்களிலும் புல் மண்டிய வெளிகளிலும்தான் அதிகம் வாழ்கின்றன. அதாவது, வேனை நிறுத்திவிட்டு நாம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும் இடத்தில்.

காசிமேட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மலைக்குப் போய்வந்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துக் கடுங்காய்ச்சலும் தலைவலியுமாக வந்தார். டெங்கு பரிசோதனையில் ஒன்றுமில்லை. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. பேன்ட் இடுப்புப்பட்டை அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவந்து நடுவில் கறுத்த ஒரு பொருக்கு இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் தொடங்கிய இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. இந்தப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். கூச்சப்பட்டு அதைக் காட்டாமல் விட்டு, சிகிச்சை தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். அமாக்சிசிலின் வகை மருந்துகள் இந்த நோய்க்கு வேலை செய்வதில்லை என்பதால், கடையில் கேட்டு வாங்கி நாட்களைக் கடத்துவது உண்மையிலேயே ஆபத்தானது.

புல்லில் உட்கார வேண்டியிருந்தால் கெட்டியான விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கால் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, பூச்சிவிரட்டிக் களிம்பையும் தடவிக்கொள்ளுங்கள். தங்குமிடம் திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் ஊறவையுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது உடல் முழுவதும் பாருங்கள். திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனாலும், எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.