ஷெட்டில் நின்ற காருக்கு மறுபடியும் இன்சூரன்ஸ்

"ரொம்ப வருஷமா வண்டியே ஓட்டலை சார், பிரீமியம் ஏறிடுமா?" மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நம் ஊரில் அந்தக் கவலை வேண்டாம். தனியார் காரின் தேர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) பிரீமியத்தை என்ஜின் சிசியை, அதாவது என்ஜின் அளவை, வைத்து அரசே நிர்ணயிக்கிறது. ஓன் டேமேஜ் (உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) பிரீமியம் வண்டியின் மதிப்பு, வயது, பதிவான ஊர் ஆகியவற்றைப் பொறுத்தது. நீங்கள் கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. நீங்கள் கவனிக்க வேண்டியவை பாலிசி காலாவதியான தேதியும் உங்கள் லைசென்ஸ் முடியும் தேதியும்தான். இந்த இரண்டையும் பார்க்காமல் சாவியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பழைய பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கும். அதனால் ஒரே தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கலாம். பெரிய தேதியை மட்டும் பார்த்துவிட்டு, 'இன்சூரன்ஸ் இருக்கே' என்று நிம்மதியாக இருந்தவர்களைக் கிளைம் நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். தொடர்ந்து ஐந்து வருஷம் கிளைம் கேட்காதவருக்கு அது 50 சதவீதம். 8,000 ரூபாய் ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு 4,000 கட்டிக்கொண்டிருந்தவர் இப்போது முழுசாகக் கட்ட வேண்டும். கெஞ்சினாலும் திரும்பாது. இன்னும் போனஸ் இருப்பதாக ஃபார்மில் எழுதினால் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள், கிளைமே சிக்கலாகும்.

இடைவெளி விழுந்த வண்டிக்கு ஓன் டேமேஜ் சேர்த்துப் பாலிசி கேட்டால் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. என்னைப் போன்ற ஒரு சர்வேயர் (வண்டியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிறவர்) வருவார், அல்லது உங்களையே மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர், கண்ணாடி, நாலு பக்க பாடி எல்லாம் பதிவாகும். ஏற்கெனவே இருக்கும் நசுங்கலை மறைக்க வேண்டாம். அது குறிப்பில் ஏறும், அதற்கு மட்டும் பிறகு பணம் கிடையாது, அவ்வளவுதான். முன்கண்ணாடி விரிசலை மாற்றிவிட்டு இன்ஸ்பெக்‌ஷன் வைப்பது நல்லது. எலி கடித்த வயர், துருப்பிடித்த அடிப்பாகம், செத்த பேட்டரி இதெல்லாம் உங்கள் செலவு.

இங்கேதான் வரிசை தப்புகிறது. டயரில் காற்றில்லை, பேட்டரி போயிருக்கிறது, சரி, 'பக்கத்து மெக்கானிக் ஷாப்தானே, ஓட்டிட்டுப் போயிட்டு வந்து பாலிசி போட்டுக்கலாம்' என்பார்கள். பல மாதமாக பிரேக் மிதிக்காத வண்டி, பழக்கம் விட்டுப்போன கால், பாலிசி இல்லாத தெரு. அந்த அரை கிலோமீட்டரில் யார்மேலாவது இடித்தால் விபத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில். அப்புறம் போடும் பாலிசியை முன்தேதியிட்டுத் தரமாட்டார்கள். போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அது சின்ன விஷயம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேர்ட் பார்ட்டி மட்டுமாவது முதலில் போட்டுவிட்டு வண்டியை வெளியே எடுங்கள். அதற்குப் பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷன் கேட்கமாட்டார்கள். ஓன் டேமேஜை மட்டும் தனிப் பாலிசியாகப் பிறகு சேர்க்க வழி இருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பழைய விதியில் லைசென்ஸ் 20 வருஷம் அல்லது 50 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 2005-ல் கல்யாணத்துக்கு முன் ஆசையாக எடுத்து, பிள்ளை பிறந்ததும் ஓட்டுவதையே விட்ட பெண்ணின் லைசென்ஸ் 2025-லேயே முடிந்திருக்கும். கார்டு பர்ஸில் பத்திரமாக இருப்பதால் அது செல்லும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடிந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் புதுப்பித்துவிடலாம், 40 வயது தாண்டியவர்கள் டாக்டர் சான்றிதழும் வைக்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் ஆர்டிஓ-வில் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். பாலிசி எடுக்கும்போது இதை யாரும் தோண்டிக் கேட்பதில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு நான் முதலில் கேட்கும் தாள்களில் லைசென்ஸும் ஒன்று. அது செல்லாததாக இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும்.

நின்ற வண்டி இறந்துபோன கணவர் பெயரிலோ அப்பா பெயரிலோ இருந்தால், முதல் வேலை ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்த பிறகு பழைய பாலிசி அதிகபட்சம் மூன்று மாதம், அதற்குள் காலாவதி வந்தால் அதுவரைதான். பல வீடுகளில் இறந்தவர் பெயரிலேயே வருஷா வருஷம் ஆன்லைனில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிறுவனம் பணம் எடுத்துக்கொள்கிறது என்பதால் கிளைமும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. வண்டி 15 வருஷம் தாண்டியிருந்தால் ஆர்சி புதுப்பிப்பும் சேர்ந்துகொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. போகும்போது இங்கே காரை விற்றுவிட்டு, நிறுவனத்திடம் நோ கிளைம் போனஸ் கடிதம் வாங்கி வைத்திருந்தால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் வேறு காருக்கு அதைப் பயன்படுத்தலாம். கார் விற்ற கையோடு அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. விற்றவர் கேட்டால்தான் கொடுப்பார்கள், ஏஜென்ட் தானாக ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்க வேண்டாம்.